சொல் விளக்கம்: கால்சிட்ரையால்

வைட்டமின் டி மாத்திரை விழுங்கிய உடனே வேலையைத் தொடங்கிவிடாது. கல்லீரலில் ஒரு மாற்றம், அப்புறம் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். இரண்டும் முடிந்து கிடைக்கும் செயல்வடிவம்தான் கால்சிட்ரையால்.

'கால்சி' என்பது கால்சியம். சுண்ணாம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'ட்ரை' மூன்று. 'ஆல்' என்பது ஆல்கஹாலின் வால், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி. வெயில் பட்டுத் தோலில் வைட்டமின் டி உருவாகும்போது அதில் அந்தத் தொகுதி ஒன்றுதான். கல்லீரலும் சிறுநீரகமும் ஆளுக்கொன்று சேர்க்க, மூன்றாகிறது.

வைட்டமினுக்கு 'உயிர்ச்சத்து' நல்ல தமிழ். 1912இல் உயிர்வேதியியலாளர் கசிமிர் ஃபங்க் உயிரையும் அமீனையும் (நைட்ரஜன் உள்ள ஒரு சேர்ம வகை) சேர்த்துத்தான் அந்தப் பெயரை உருவாக்கினார். டியில் அமீனே இல்லை என்பது வேறு கதை! ஆனால் கால்சிட்ரையால் ஒரு ஹார்மோன். ஆகவே 'செயல்படு உயிர்ச்சத்து டி' என்று விளக்கத்துக்கு மட்டும் சொல்லலாம். பெயராக எழுதும்போது கால்சிட்ரையால் என்றே விட்டுவிடுவது நல்லது. மருந்துச் சீட்டிலும் அதுதான் இருக்கும்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1981இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் ரத்தப் புற்றணுக்களில் இதைச் சேர்த்துப் பார்த்தார்கள். அணுக்கள் பெருகுவதை விட்டு முதிரத் தொடங்கின. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பலன் தரும் அளவை உடம்புக்குக் கொடுத்தால், பெயரில் உள்ள 'கால்சி' வேலையைக் காட்டும்: ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு.

அதனால் கால்சியத்தை அவ்வளவாக ஏற்றாத, இதே சாயலுள்ள சேர்மங்களைத் தேடினார்கள். இவற்றுக்கு 'ஒப்புச்சேர்மம்' என்ற சொல் போதும். 'போலி' வேண்டாம். பந்தல் 'பந்தர்' ஆவதுபோல எழுத்து மாறியும் பொருள் மாறாததை இலக்கணம் போலி என்கிறது. இங்கே குணத்தில் ஒரு பாதி மாறத்தான் வேண்டும். தவிர, 'போலி மருந்து' என்றால் யார் வாங்குவார்கள்?

ஒப்புச்சேர்மங்களில் கால்சிபோட்ரையால் சொரியாசிஸ் களிம்பாக நிலைத்துவிட்டது. புற்றுநோயில் கதை அவ்வளவு சுலபமில்லை. முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு டோசிடாக்செல் என்ற கீமோ மருந்துடன் அதிக அளவு கால்சிட்ரையால் கொடுத்த பெரிய ஆய்வு 2007இல் நிறுத்தப்பட்டது. கால்சிட்ரையால் பெற்ற பிரிவில் இறப்புகள் கூடுதலாக இருந்தன. சிறுநீரக நோயாளிகளுக்கான பாரிகால்சிடால் என்ற ஒப்புச்சேர்மத்தைக் கணையப் புற்றில் கீமோவுடன் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். கட்டியைச் சூழ்ந்த தடித்த திசுவைத் தளர்த்தி மருந்தை உள்ளே விடுவதுதான் அங்கே நோக்கம்.