துருத்தியும் துலக்கலும்: இரு மூச்சுப் பயிற்சிகளின் பெயர்கள்

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் காலை வேளையில் மூச்சுப் பயிற்சி கற்க வந்த ஓர் அம்மையார், நான் ‘கபாலபாதி’ என்றதும், “இன்றைக்குப் பாதிக் கபாலம், மீதி நாளைக்கா?” என்று கேட்டார். கேலிதான், ஆனால் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பார்க்கும் எவருக்கும் எழக்கூடிய ஐயமே அது. கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் நாள்தோறும் நடப்பவருக்குக் கபாலம் என்றால் மண்டையோடு என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் முழுவதும் ‘பாதி’யில் இருக்கிறது.

வடமொழியில் அந்தப் ‘பாதி’க்கு ‘ஒளிர்கிறது’ என்பது பொருள். சூரியனைக் குறிக்கும் பானு, ஒளியைக் குறிக்கும் பிரபை ஆகிய சொற்களிலும் இதே வேர்தான் உள்ளது. ஆகவே கபாலபாதி என்பது ‘மண்டை ஒளிர்தல்’. கேரண்ட சம்ஹிதை என்ற பழைய யோக நூல் இதையே ‘பாலபாதி’ என்கிறது. அங்கே ‘பாலம்’ என்பது நெற்றி. தமிழில் அதை எழுதினாலோ, கட்டி முடிக்காமல் நிற்கும் மேம்பாலத்தின் நினைவு வந்துவிடுகிறது.

இதனுடன் எப்போதும் குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு சொல் ‘பஸ்திரிகா’. ‘பஸ்திரா’ என்றால் தோல்பை, குறிப்பாகக் கொல்லன் உலைக்குக் காற்றூதும் பை. புஸ்தகம் புத்தகமானதுபோல இதையும் தமிழ் மரபுப்படி மாற்றினால் ‘பத்திரிகை’ என்றாகி, காலையில் வாசலில் விழும் நாளிதழோடு போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பாடு நமக்குத் தேவையில்லை, ஏனெனில் பொருளுக்கு நேரான ‘துருத்தி’ தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. காலால் மிதித்து இயக்கும் துருத்தியைக் குறுந்தொகையின் 172ஆம் பாடல் ‘உலைவாங்கு மிதிதோல்’ என்கிறது. ஏழு ஊர்களின் பொதுவேலைக்காக ஓரூரில் அமைத்த அந்தத் துருத்தி ஓய்வறியாமல் உழைப்பதுபோல் தன் நெஞ்சு வருந்துவதாகத் தலைவி சொல்கிறாள். வடசொல்லிலும் தோல், தமிழ்ச்சொல்லிலும் தோல். (திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரில் உள்ள துருத்தி வேறு, அது ஆற்றிடைக்குறையை, அதாவது ஆற்றின் நடுவே உள்ள திட்டைக் குறிப்பது.)

குழப்பத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல், கபாலபாதியை விளக்கும்போதும் ‘கொல்லனின் துருத்திபோல’ விரைந்து மூச்சை விட்டு வாங்குதல் என்றே சொல்கிறது. ஆனால் அந்நூல் கபாலபாதியை உடலைத் தூய்மை செய்யும் ஆறு செயல்களுள் ஒன்றாகவும், பஸ்திரிகாவை மூச்சை உள்ளே நிறுத்தும் எட்டுக் கும்பகங்களுள் ஒன்றாகவும் தனித்தனியே வைக்கிறது. இன்றைய வகுப்புகளில் வேறுபாடு இன்னும் தெளிவு: கபாலபாதியில் அடிவயிற்றைச் சுருக்கி மூச்சை வெளித்தள்ளுவது மட்டுமே நம் முயற்சி, உள்மூச்சு தானாக நிறையும்; பஸ்திரிகாவில் வாங்குவதும் விடுவதும் இரண்டும் சம வேகத்தோடு செய்யப்படும்.

எனவே பஸ்திரிகாவுக்குத் ‘துருத்தி மூச்சு’ என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. கபாலபாதிக்கு ‘மண்டையொளி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது ஏதோ தைலத்தின் பெயர்போல ஒலிக்கிறது. நான் விரும்புவது ‘துலக்கு மூச்சு’. துலங்குதல் ஒளிர்தல், துலக்குதல் தேய்த்துக் கழுவி ஒளிரச் செய்தல். பல் துலக்குகிறோம், குத்துவிளக்கைத் துலக்குகிறோம். தூய்மை செய்யும் வினை என்ற வகைப்பாடும் ஒளிர்தல் என்ற வேர்ப்பொருளும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

துருத்தி என்ற சொல், கற்பிப்பவரின் வேலையையும் குறைக்கிறது. கொல்லன் பட்டறையைப் பார்த்திராதவர்கூட மார்கழிக் கச்சேரியில் சுருதிப்பெட்டியைப் பார்த்திருப்பார். அதில் பெட்டி அசைவதில்லை, மடிப்பு மட்டுமே விரிந்து சுருங்குகிறது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதற்பிழை, தோளையும் கழுத்தையும் தூக்கித் தூக்கிப் போடுவது; “பெட்டியை ஆட்டாதீர்கள்” என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். இரண்டாம் பிழை வேகம். வெறும் வயிற்றோடு நிமிர்ந்து அமர்ந்து, நொடிக்கு ஒன்றுக்கு மேற்படாமல் பத்துப் பதினைந்து தடவை துலக்கு மூச்சு விட்டு, பிறகு இயல்பான மூச்சில் ஓய்ந்திருப்பது தொடக்கத்துக்குப் போதும். துருத்தி மூச்சை அது பழகிய பின்னரே தருவது என் வழக்கம். அளவு மீறினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும், விரல் நுனிகள் மதமதக்கும். இதைச் ‘சக்தி ஏறுகிறது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. உண்மையில் அது நிறுத்தச் சொல்லும் அறிகுறி. உயர் இரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களுக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இவ்விரண்டையுமே நான் கற்றுத்தருவதில்லை.

இப்போது என் கரும்பலகையில் ‘துலக்கு மூச்சு’, ‘துருத்தி மூச்சு’ என்று பெரிதாகவும், பிற இடங்களில் கேட்கும்போது திகைக்கக் கூடாது என்பதற்காகக் கபாலபாதி, பஸ்திரிகா என்று அவற்றின் கீழே சிறிதாகவும் எழுதுகிறேன்.