‘சரி’ என்பார், செய்ய மாட்டார்: ஏன்?

“கரண்ட் பில் கட்டச் சொன்னால் ‘சரி’ என்கிறார், கட்டுவதில்லை. கோபமா என்றால் ‘ஒண்ணுமில்லை’ என்கிறார். டம்ளரை மட்டும் நங்கென்று வைக்கிறார். கணவரை எப்படிச் சமாளிப்பது?” வாசகி ஒருவரின் கேள்வி.

உளவியலில் இதற்குப் ‘பேசிவ் அக்ரெசிவ்’ நடத்தை என்று பெயர். உத்தரவை எதிர்த்துப் பேசாமல், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வேலையை இழுத்தடித்த சிப்பாய்களைக் குறிக்க 1945இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் பயன்படுத்திய சொல். 1952இல் அமெரிக்க மனநலக் கையேடு இதை ஆளுமைக் கோளாறாகவே சேர்த்தது. 1994இல் பின்னிணைப்புக்குத் தள்ளியது. 2013 பதிப்பில் அதுவும் இல்லை. எடுத்தது நல்லது. ‘அவர் ராசி அப்படி’ என்று விட்டுவிடுவதும் இதைப் பிறவிக் குணமாக்குவதுதான். இது பழக்கம். பழக்கத்துக்குத் தீனி போடுவது எது என்று பார்க்கலாம்.

‘சரி’ என்றதும் வாக்குவாதம் நின்றுவிடுகிறது. செய்யாமல் இருந்தால், நான்காம் நாள் பொறுக்க முடியாமல் நீங்களே கட்டிவிடுகிறீர்கள், வேலையும் நீங்கிவிடுகிறது. தொல்லை நீங்குவதே பரிசாகி ஒரு நடத்தை வலுப்பெறுவதை ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்கிறோம். இங்கே அது இரண்டு முறை நடக்கிறது! அதைவிட நுட்பமானது ஒன்று உண்டு: எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை ஆழமாக ஊன்றும். மூன்று நாள் உறுதியாக இருந்து நான்காம் நாள் இறங்கிவந்தால், ‘நான்கு நாள் தாங்கினால் போதும்’ என்பதையே கற்றுக்கொடுக்கிறீர்கள்.

ஆகவே அவர் ‘சரி’ என்ற வேலையை நீங்கள் செய்துகொடுக்காதீர்கள். ஆனால் கரண்ட் பில்லில் இதைச் சோதிக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்தால் வீடே இருட்டு. அவர் சட்டையை இஸ்திரிக்குக் கொடுப்பது போல, செய்யாவிட்டால் அவருக்கே இடைஞ்சலாகும் வேலையில் தொடங்குங்கள். நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்: “வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுவீங்களா? முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க.” அவர் “முடியாது” என்றால் எரிந்து விழாதீர்கள். முழு மருந்தும் அங்கேதான் இருக்கிறது: வெளிப்படையான மறுப்புக்குத் திட்டு விழாவிட்டால் பொய்ச் ‘சரி’க்குத் தேவை குறையும். டம்ளர் சத்தத்துக்கு, “கோபமா இருக்கீங்கபோல, பேசணும்னா சொல்லுங்க” என்று ஒரே ஒரு முறை. பிறகு வழக்கம்போலப் பேசுங்கள். பதிலுக்கு நீங்களும் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

முதல் சில நாள் நிலைமை மோசமாகலாம். பரிசு நின்றதும் பழைய நடத்தை சில நேரம் ஒருமுறை உச்சத்துக்குப் போய்த் தணியும். பலரும் சரியாக அந்த நேரத்தில் இறங்கிவந்துவிடுகிறார்கள்.

‘முடியாது’ என்றால் அடி விழும், வேலை போகும் என்று பயந்து ‘சரி’ சொல்பவருக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே மௌனம் தற்காப்பு.