மண் அறிக்கையின் எண்கள் எங்கிருந்து வருகின்றன?

ஒரு எக்டேர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடை போட முடிந்தால் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ தேறும். அதிலிருந்து அரை கிலோ ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அங்கே மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பார்க்க எடுத்துக்கொள்வது சில கிராம்தான். முடிவில் தெரியும் பிழையில் பெரும்பங்கு கருவியில் நேர்வதில்லை. மண்வெட்டி பிடித்த கையிலேயே நேர்ந்துவிடுகிறது.

வரப்போரம், மர நிழல், எரு குவித்திருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு, நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுக்கச் சொல்வது அதனால்தான். ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுக்க வேண்டும். உழாத நிலத்தில் சத்துகள் மேல் சில சென்டிமீட்டரில் தங்கிவிடும். மேலாகச் சுரண்டிப் போட்டால் அறிக்கை நிலத்தை உள்ளதைவிடச் செழிப்பாகக் காட்டும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியில் கலந்தால், மண்ணில் இல்லாத துத்தநாகமும் கணக்கில் ஏறும். பிளாஸ்டிக் வாளி போதும்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். மேல்மண்ணில் ஒரு எக்டேருக்கு ஆயிரம் கிலோ பாஸ்பரஸ் இருப்பது அபூர்வம் அல்ல. ஒரு பயிர் ஒரு பருவத்தில் எடுப்பதோ சில பத்துக் கிலோ. அப்படியிருந்தும் பயிர் மணிச்சத்துக் குறையால் வாடுகிறது. இருப்பதில் பெரும்பகுதி, முதிர்வு வராத வைப்புத்தொகை மாதிரி, எடுக்க முடியாமல் கிடப்பதே காரணம். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியம். ஆகவே மொத்த அளவைக் கண்டுபிடித்துப் பயனில்லை. வேருக்கு எட்டக்கூடிய பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

அதற்கு வேரின் வேலையை ஓரளவு நகல் செய்யும் ஒரு கரைசல் தேவைப்படுகிறது. 1954-இல் ஓல்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முறையில் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா உப்பு, பயன்படுகிறது. அதன் கரைசலில் மண்ணை அரை மணி நேரம் குலுக்குவார்கள். கரைசல் கால்சியத்தைக் கார்பனேட்டாக வீழ்த்திவிடும். கால்சியத்தின் பிடியிலிருந்த பாஸ்பேட், அதாவது மண்ணில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம், கொஞ்சம் வெளியே வரும். வடிகட்டி மாலிப்டேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அமில மண்ணுக்கு 1945-இல் வந்த பிரே முறை உண்டு. அதில் ஃப்ளோரைடு அலுமினியத்தைக் கட்டிப்போட்டு பாஸ்பேட்டை விடுவிக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இந்த அமிலக் கரைசலைப் பயன்படுத்தினால் சுண்ணாம்பே அமிலத்தைத் தின்றுவிடும், எண் பொய்யாகக் குறைந்து வரும்.

ஒரே மண், இரண்டு முறை, இரண்டு எண். இரண்டுமே சரியாக அளக்கப்பட்டவைதான். அறிக்கையில் உள்ள 'கிடைக்கும் மணிச்சத்து' ஒரு குறியீடு. வெவ்வேறு மண்களில் உரம் போட்டும் போடாமலும் பயிர் வளர்த்து, எந்த எண்ணுக்கு மேல் உரம் போட்டாலும் விளைச்சல் கூடவில்லை என்று பார்த்த வயல் சோதனைகள்தான் அந்தக் குறியீட்டுக்குப் பொருள் கொடுக்கின்றன. ஓல்சன் முறையில் பல பயிர்களுக்கு அந்த எல்லை ஒரு கிலோ மண்ணுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கும். பிரே முறை எண்ணை இந்த எல்லையோடு ஒப்பிடுவது தவறு. முறையின் பெயரை அச்சிடாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எல்லாருக்கும் பரிச்சயமான எண். 6-லிருந்து 5-க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஆகிறது என்பதும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது வேறு: 5.5 காட்டும் இரண்டு மண்களுக்கு ஒரே அளவு சுண்ணாம்பு போதாது. பி.எச். கருவி நீரில் மிதக்கும் அமிலத்தை மட்டுமே பார்க்கிறது. களிமண் துகள்களின் மேற்பரப்பிலும் மட்கிலும் ஒட்டியிருக்கும் அமிலம் அதைவிடப் பன்மடங்கு. நீரில் உள்ளதை முறிக்க முறிக்க அது இறங்கி வந்து ஈடுகட்டும். மணற்பாங்கான நிலத்துக்குப் போட்டதைப்போல் பல மடங்கு சுண்ணாம்பைக் களிமண் நிலம் கேட்கலாம். தாங்கு கரைசல் (பி.எச். எளிதில் மாறாத கரைசல், buffer) கொண்டு செய்யும் தனிச் சோதனை இதற்காகவே இருக்கிறது.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பற்றி ஒரு வரி போதும்: நுண்ணுயிர்கள் பைக்குள்ளேயே நைட்ரேட்டை மாற்றிக்கொண்டிருக்கும் என்பதால் ஈர மண்ணை வைத்திருந்து அனுப்பினால் அந்த எண் வீண்.

ஆய்வுக்கூடம் மண்ணை உலர்த்திப் பொடித்துச் சலித்துவிடுகிறது. அதோடு மண்ணின் கட்டமைப்பு தொலைகிறது. அதை நிலத்திலேயேதான் பார்க்க வேண்டும். கூட்டமாகப் பார்ப்பது இன்னும் நல்லது. நன்கு காய்ந்த இரண்டு மண் கட்டிகள், ஒன்று உழுத நிலத்திலிருந்து, இன்னொன்று புல் மூடிய ஓரத்திலிருந்து. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வலைமேல் வைத்து நீரில் அமிழ்த்துங்கள். நீர் துளைகளுக்குள் ஏறும்போது உள்ளே மாட்டிய காற்று நெருக்கப்பட்டு கட்டியை உடைக்கப் பார்க்கும். பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்ப் பசைகளும் பிணைத்த கட்டி தாங்கும். மற்றது சில நிமிடங்களில் சரிந்துவிடும். மழையில் உழுத நிலத்தின் மேல் ஏடு படிந்து நீர் உள்ளே இறங்காமல் ஓடுவதும் இதே சரிவுதான். கட்டியைச் சுற்றிப் பால் கலங்கியதுபோல் நீர் மங்கினால் அது வேறு நோய்: களிமண் துகள்களே பிரிந்து சிதறுகின்றன, பெரும்பாலும் சோடியத்தால். அதற்கு ஜிப்சம் உதவலாம், முதலில் சொன்ன சரிவுக்கு வேரும் மட்கும் வேண்டும்.

பருத்தி உள்ளாடையைப் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. இடுப்புப் பட்டையின் ரப்பர் மட்டும் மிஞ்சினால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக உள்ளன என்று பொருள். குழந்தைகள் சிரித்து உருள்வார்கள். ஆனால் வெப்பமும் ஈரமும் துணியை வேகமாக மட்கச் செய்யும் என்பதால், ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் புதைத்தவற்றை மட்டுமே ஒப்பிடலாம்.

தோட்டக்காரர்களின் கதை வயலுக்கு நேர்மாறாக இருப்பதுண்டு. ஆண்டுக்கு ஆண்டு தொழு உரமும் மட்கு உரமும் கொட்டும் பாத்திகளில் மணிச்சத்து தேவைக்கு மேல் ஏறிக்கிடக்கும். செடியின் தழைச்சத்துத் தேவைக்கு எருவைக் கணக்கிட்டால் மணிச்சத்து உபரியாகச் சேர்வது இயல்பு. மிஞ்சினால் வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்தை எடுத்துத் தரும் வேர்ப்பூஞ்சைகள் ஒதுங்கும், துத்தநாகம் ஏறுவது தடைபடும். இலை மஞ்சளானதும் இன்னொரு கூடை எரு போடுவது வழக்கம். அங்கே தேவைப்படுவது ஒரு பரிசோதனை. பழைய கட்டடச் சுவரோரம் கீரை போடுபவர்கள் ஈயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சு உதிர்ந்த மண்ணில் அது இருக்கலாம், வழக்கமான சத்துப் பரிசோதனையில் அது சேராது.

அடுத்த மாதிரியை மூன்று ஆண்டுக்குள் எடுத்தால் போதும். அதே மாதம், அதே ஆழம், அதே முறை.