நானோ கார்பன் பெயிண்ட் வாங்கறதுக்கு முன்னாடி

இப்போ வாட்சப் குருப்புல எல்லாம் 'நானோ கார்பன்' ஸ்டிக்கர், பெயிண்ட்னு ஓடுது, ஹேண்ட்போன் பின்னாடி ஒட்டினா ரேடியேஷன் வராது, கொண்டோ சுவத்துல அடிச்சா எதிர்ல இருக்கற டவர் ஒண்ணும் பண்ணாதுன்னு. பினாங்கு பாயான் லெப்பாஸ்ல இஎம்சி டெஸ்ட், அதாவது ஒரு மின்னணு சாதனத்தோட அலை இன்னொண்ண கெடுக்காம இருக்கான்னு பாக்கற வேலையில இருக்கறதால, 'தம்பி, வாங்கலாமா'ன்னு சொந்தக்காரங்க என்னைத்தான் கேக்கறாங்க.

பொருள் பொய் இல்லீங்க. 1991ல ஜப்பான்ல சுமியோ இஜிமா பேப்பர் போட்டதுக்கு அப்புறம்தான் கார்பன் நானோடியூப்ப, அதாவது கண்ணுக்கே தெரியாத பொடி கார்பன் குழாய உலகமே திரும்பிப் பாத்துச்சு. பெயிண்ட்ல இருக்கற ரெசின்ல (பிசின்) கொஞ்சமா கலந்தாலே குழாய்ங்க ஒண்ணையொண்ணு தொட்டு வலையாயிடும், கரண்ட் பாயும். ரேடியோ அலை மோதுனா ஒரு பங்கு திரும்பிப் போகும், உள்ள நுழையறது அந்த வலையில ஓடி சூடா மாறி அடங்கிடும். செம்புத் தகடு பெரும்பாலும் திருப்பி அடிக்கறதோட சரி, அந்த அலை மின்னணு சாதனத்தோட பெட்டிக்குள்ளயே சுத்தி பக்கத்து சர்க்யூட்ட கெடுக்கும், அங்கதான் உறிஞ்சற கோட்டிங்குக்கு மதிப்பு.

ஆனா வீட்டுல? '99% தடுக்கும்'னு போடுவாங்க, அலை எவ்வளவு குறையுதுன்னு டெசிபல்ல அளக்கற எங்க கணக்குல அது வெறும் 20 டெசிபல், 30 வந்தாதான் 99.9%. எந்த ஃப்ரீக்குவென்சி, எவ்வளவு தடிப்புன்னு சொல்லாம அந்த நம்பர வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு சுவத்துல மட்டும் அடிச்சிட்டு ஜன்னல், கதவ அப்படியே விட்டா அலை அந்த வழியா வந்துட்டுப் போகுது. ஸ்டிக்கர் கத இன்னும் மோசம், அது நெஜமாவே தடுத்துச்சுன்னா டவர எட்டறதுக்கு ஃபோன் பவர கூட்டும், பேட்டரிதான் காலி. தடுக்கலன்னா காசு வேஸ்ட்.

யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011ல ரேடியோ அலைய '2பி', அதாவது புற்றுநோய் வர வாய்ப்பிருக்கலாம்ங்கற பட்டியல்ல போட்டுச்சு, அதைக் காட்டித்தான் இந்த பெயிண்ட விக்கறாங்க. அதே அமைப்பு 2014ல எம்டபிள்யூசிஎன்டி-7ங்கற நானோடியூப் வகையையும் அதே 2பியிலதான் போட்டுச்சு! நீளமா விறைப்பா இருக்கற குழாய்ங்க எலி உடம்புல ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி வேலை பண்ணுச்சுன்னு 2008லயே ஆராய்ச்சி வந்துச்சு, அமெரிக்காவுல நியோஷ்ங்கற வேலையிட பாதுகாப்பு ஆய்வு அமைப்பு வேலை செய்யறவங்களுக்குச் சொல்ற அளவு ஒரு கன மீட்டர் காத்துக்கு 1 மைக்ரோகிராம்தான். காஞ்ச பெயிண்ட்ல அது கட்டுண்டு கிடக்கும், ஸ்ப்ரே பண்ணும்போதும் தேய்க்கும்போதும்தான் தூசியா கிளம்பும்.

ஏற்கனவே அடிச்சாச்சா, அப்படியே விட்டு மேல சாதா பெயிண்ட் ஒரு கோட் குடுங்க. சேண்ட்பேப்பர் வேணாம், டிரில்லும் வேணாம். டவர் மேல சந்தேகம்னா மலேசியத் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சிக்குப் புகார் போடுங்க.