பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ்: ஏறுவது வேறு, ஓடுவது வேறு

“அண்ணா, இதுல லெவன் ஏறுமா?”

வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலோ பெரம்பூரிலோ ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் கால் மணி நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். லெவன் என்றால் விண்டோஸ் 11 என்ற ஓஎஸ், அதாவது லேப்டாப்பை இயக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை, கல்லூரிக்காகத் தவணையில் வாங்கியவை, ஆபீஸில் கழித்துவிட்ட செகண்ட்ஸ் என்று வீட்டுக்கு ஒன்றாவது பழைய லேப்டாப் கிடக்கும் பகுதி இது. கேள்விக்கு நேர்மையான பதில்: பெரும்பாலானவற்றில் ஏறும், அப்படியே ஏற்றினால் ஓடாது.

ஏன் ஓடாது? பலரும் பழியை பிராசசர் மேல் போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். பழைய லேப்டாப்களில் இருக்கும் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும், அதாவது நொடிக்கு 90 சுற்று. வேண்டிய தகவல் இருக்கும் இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு சுமார் 5.6 மில்லிநொடி. அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு 12 மில்லிநொடி போல ஆகும். ஆக, டிஸ்க்கில் சிதறிக்கிடக்கும் ஒரு சிறு துண்டை எடுக்க ஏறக்குறைய 17, 18 மில்லிநொடி. நொடிக்கு அறுபது துண்டு எடுத்தாலே பெரிய விஷயம். ஆன் செய்த முதல் சில நிமிடங்களில் புதிய ஓஎஸ் கேட்பதோ பல்லாயிரம் துண்டுகள்: அப்டேட் தேடல், வைரஸ் ஸ்கேன், ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் வேலை எல்லாம் ஒரே சமயத்தில். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், பிராசசர் 15 சதவீதத்தில் சும்மா இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, சுழற்சியும் இல்லை. அதே துண்டு சுமார் 0.1 மில்லிநொடியில் கைக்கு வரும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ரேம், அதன்பிறகுதான் ஓஎஸ். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு “விண்டோஸ் லெவன் வேஸ்ட்” என்பவர்கள் பலர்.

இனி பிராசசர். இன்டெல் என்றால் ஸ்டிக்கரை நம்பாமல் சிஸ்டம் விவரத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ5-3210எம் என்றால் முதல் இலக்கம் 3, அது மூன்றாம் தலைமுறை. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. ஐ3-380எம் போல மூன்றே இலக்கம் இருந்தால் முதல் தலைமுறை. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ எல்லை, சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில் தொடங்குகிறது. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ (ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புது வடிவம்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். 2016-க்குப் பின் வந்த பல லேப்டாப்களில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்தால் போதும்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பவற்றில் இந்தச் சோதனைகளைத் தாண்டிக் குதிக்க வைக்கலாம். ரூஃபஸ் மென்பொருளில் ஓஎஸ் ஏற்றுவதற்கான பென்டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கும் டிக் பெட்டி வரும். ஆனால் தாண்ட முடியாத ஒரு சுவரும் உண்டு. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸின் உள்பகுதி ‘பாப்கவுன்ட்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறது. ஓர் எண்ணை இரும வடிவில் எழுதினால் அதில் எத்தனை 1 இருக்கிறது என்று ஒரே அடியில் எண்ணிச் சொல்லும் கட்டளை அது. கோர் 2 டுயோ போன்ற பிராசசர்களில் அந்தக் கட்டளைக்கான மின்சுற்றே இல்லை. தெரியாத கட்டளை வந்ததும் பிராசசர் திகைத்து நிற்கும், பூட் ஆகாது. எந்தச் சாஃப்ட்வேர் ஜாலமும் சிலிக்கானில் இல்லாததை உண்டாக்காது. இன்டெல் கோர் ஐ வரிசையில் முதல் தலைமுறையிலிருந்தே அது இருப்பதால் அவை தப்பித்தன.

குறுக்கு வழியில் ஏற்றிய விண்டோஸ் 11-க்கு ஒரு விலை உண்டு. அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. மாதாந்திர அப்டேட் வந்துகொண்டிருந்தாலும், ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. மறுபடி பென்டிரைவ் போட்டு நீங்களே ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் அதைச் செய்ய ஆள் இருந்தால் சரி. அம்மாவின் தையல் கணக்குக்கும் தம்பியின் ஆன்லைன் வகுப்புக்கும் ஓடும் லேப்டாப்பில் இதை ஏற்றிவிட்டு மறந்துவிடுவது நல்லதல்ல. அவகாசம் வேண்டுமென்றால் விண்டோஸ் 10-க்கே நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்.

மூன்றாம், நான்காம் தலைமுறை லேப்டாப்பில் வெப் பார்ப்பது, டைப் அடிப்பது, வீடியோ வகுப்பு இவ்வளவுதான் வேலை என்றால் எங்கள் ஓட்டு விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற ஓஎஸ்ஸுக்கு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் என்று சொல்கிறார்கள். பிரவுசரைத் திறந்தவுடன் அது போதாது, 4 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, சவுண்ட், கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகு ஏற்றலாம் என்பது இதில் பெரிய வசதி.

ஓஎஸ்ஸை முடிவு செய்யும் முன் லேப்டாப்போடு எதெல்லாம் இணைகிறது என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடைகளில் அழியாமல் வாழும் கேனன் எல்பிபி2900 பிரின்டர் விண்டோஸில் ஓடும். லினக்ஸில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பணிய வைப்பது தலைவலி. ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்பவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நிம்மதி.

அடுத்தது பேக்கப். போட்டோவையும் டாகுமென்டையும் எல்லோரும் காப்பி எடுக்கிறார்கள். ஃபான்ட்டை மறந்துவிடுகிறார்கள். ராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் டிடிபி கடைகளின் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். ‘த’ என்று படம் வரைவது ஃபான்ட். புது ஓஎஸ் ஏற்றி ஃபான்ட் போனால் பத்து வருட டிசைன் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக காப்பி எடுத்து வையுங்கள். இன்னொன்று: 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் எதுவும் ஓடாது. 32 பிட் விண்டோஸ் 7-இல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஆதிகால டாஸ் பில்லிங் மென்பொருள் அந்த நொடியே நின்றுவிடும்.

இப்போது ஸ்குரூ டிரைவர். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் நான்காவது நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால், கணினிப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம்தான். போவதற்கு முன் இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றால் ஆடாமலிருக்க ஸ்பேசர் கேளுங்கள். 256 ஜிபி பெரும்பாலானோருக்குத் தாராளம். ரேம் வாங்கும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்; பார்க்க ஒன்றுபோல இருக்கும், பின்களின் எண்ணிக்கையும் இரண்டிலும் 204-தான். நான்காம் தலைமுறை லேப்டாப்களுக்கு எல் வகைதான் வேண்டும். 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கலாம்.

திறக்கும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். டச்பேட் மேலே உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை நெம்பாமல் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் ரேமின் பின்கள் மேல் படியும். பின் மேலுள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளை வழியே உப்பு அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். சாதாரண நாளில் இது தெரியாது. ஓஎஸ் ஏற்றும்போது பல ஜிபி தகவல் ரேமில் விரிந்து டிஸ்க்குக்குப் போகிறது. ஒரே ஒரு பிட் மாறினாலும் சரிபார்ப்பில் இடித்து, இன்ஸ்டாலேஷன் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் நிற்கும். பென்டிரைவைக் குறைசொல்லி மூன்று முறை மாற்றுவார்கள். ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவையோ, ஓஎஸ் முழுதும் அடங்கிய, நெட்டிலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலையோ சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி நின்றால் ரேம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்களைத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். பென்சில் ரப்பரும் வேலை செய்யும், ஆனால் தேய்த்த தூள் சாக்கெட்டில் விழக் கூடாது. பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் ஒரு முழுச் சுற்று ஓடட்டும்.

பென்டிரைவ் 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நல்லது. ஐஎஸ்ஓ ஃபைலை இழுத்துப் போட்டு காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. யூஇஎஃப்ஐ வழக்கமாகப் படிக்கும் ஃபேட்32 வடிவத்தில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, விண்டோஸின் முக்கிய ஃபைல் அதைத் தாண்டிவிட்டது. ரூஃபஸ் இதற்கு வழி செய்து தருகிறது. அங்கே பார்ட்டிஷன் வகை (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை) ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுங்கள். 2012-க்கு முந்தைய, பழைய பயாஸ் மட்டும் உள்ள லேப்டாப் என்றால் எம்பிஆர் என்ற பழைய முறை.

பூட் மெனுவுக்கு டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 பல மாடல்களில் அணைந்தே வரும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் ஆன் செய்ய வேண்டும். அங்கேயே தேதியையும் பாருங்கள். 2012, 2009 என்று பழைய தேதி காட்டினால் மதர்போர்டிலுள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. பல மாடல்களில் அது சிஆர்2032 வட்டு பேட்டரி. தேதி தப்பாக இருந்தால் இணையதளச் சான்றிதழ் எல்லாம் ‘இன்னும் தொடங்கவே இல்லை’ என்று கணக்காகி, அப்டேட்டும் ஆக்டிவேஷனும் நெட் இருந்தும் தோற்கும்.

எம்பிஆர் டிஸ்க் என்பதால் நிறுவ முடியாது என்று திரையில் வந்தால், பென்டிரைவ் யூஇஎஃப்ஐ வழியில் பூட் ஆகியிருக்கிறது, டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். உள்ளே இருப்பது புது எஸ்எஸ்டி என்றால் கவலையே இல்லை, பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘நெக்ஸ்ட்’ கொடுங்கள். பழைய டிஸ்க்கிலேயே ஏற்றுபவர் இதைச் செய்தால் எல்லாம் போய்விடும். விண்டோஸ் 10-இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தகவலை அழிக்காமல் மாற்றித் தரும்.

பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். கரண்ட் போனால் மிஷின் அணையும், பாதி எழுதிய ஓஎஸ் பூட் ஆகாது. மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம், நேரம்தான் நஷ்டம். பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போகும். மின்வாரியம் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் அதைத் தொடாதீர்கள். இன்வெர்ட்டர் லைன் இருந்தால் அதில் செருகுங்கள்.

ஏற்றி முடித்ததும் வைஃபை காணவில்லை என்றால் பதற வேண்டாம். சில பிராட்காம் சிப்களுக்கு டிரைவர் தனியாக இறக்க வேண்டும், இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெத்தரிங் போட்டு போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம். லைசன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை: விண்டோஸ் 8 காலம் தொட்டு விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஆனால் விண்டோஸ் 7, 8 கீ கொண்டு புதிதாக மேலேறும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் அடைத்துவிட்டது. ஏற்கெனவே அதில் விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த உரிமை 11-க்கும் தொடரும்.

முதல் நாள் மெதுவாக இருந்தால் தீர்ப்பு எழுதாதீர்கள். அப்டேட்டும் ஸ்கேனும் முடிய இரவு முழுக்க சார்ஜரில் விடுங்கள். மறுநாளும் யூடியூப் மட்டும் திக்குகிறதா? காரணம் ஓஎஸ் அல்ல. யூடியூப் அனுப்பும் விபி9 வடிவ வீடியோவை விரிக்கும் முழுமையான தனி மின்சுற்று இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் பிராசசர் கைவேலையாக விரித்துக்கொண்டு மின்விசிறியை அலறவிடும். எச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சி யூடியூபை பழைய எச்.264 வடிவத்தில் அனுப்ப வைக்கும். அதற்கான மின்சுற்று பழைய சிப்பிலும் இருக்கிறது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அன்றைக்கே ஃபார்மட் அடிக்காதீர்கள். யூஎஸ்பி கேஸில் போட்டு வைக்கலாம். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) மாட்டி உள்ளேயே வைக்கலாம். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமனில் வரும், அளந்துவிட்டு வாங்குங்கள். எப்படி வைத்தாலும் ஒரு மாதம் அதில் எதையும் எழுத வேண்டாம். மறந்த ஃபான்ட் நினைவுக்கு வருவது, அடுத்த கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வரும் அன்றைக்குத்தான்.