தக்கைத் தரையும் சமையலறைத் தண்ணீரும்

மதுப்புட்டியின் வாயில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தும் ஒரு சொட்டுக்கூடக் கசியவிடாத தக்கை, சமையலறைத் தரையில் பதித்த சில மாதங்களிலேயே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் ஓரம் உப்பி, விளிம்பு கறுத்துப் போவதுண்டு. இரண்டும் ஒரே வகை மரத்தின் பட்டைதான். ஆனால் புட்டியில் இருப்பது பட்டையிலிருந்து அப்படியே குடைந்தெடுத்த முழுத் துண்டு. தரையில் இருப்பது, அந்தப் பட்டையைக் குருணையாக உடைத்து, பசை கலந்து, அழுத்திச் செய்த பலகை. தக்கைத் தரைக்குச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பாலானவை குருணைக்குள் இருக்கும் நுண்ணறைகளைச் சேர்ந்தவை; அதன்மீது வரும் புகார்களில் பெரும்பாலானவை குருணைகளுக்கு நடுவிலும் பலகைகளுக்கு நடுவிலும் இருக்கும் இடைவெளிகளைச் சேர்ந்தவை. சமையலறைக்குத் தக்கையைத் தேர்ந்தெடுப்பவர் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பு இந்த இடைவெளிகளைப் பார்க்க வேண்டும்.

தமிழில் தக்கை என்னும் சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. மீன் வலையில் கட்டும் மிதவையும் தக்கை, புட்டியை அடைக்கும் மூடியும் தக்கை, நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்மையான மென்பகுதியும் பேச்சு வழக்கில் தக்கைதான். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் ஏறும் நெட்டி மாலையும், தஞ்சாவூரின் நெட்டிச் சிற்பங்களும் அந்தச் செடியிலிருந்து வருபவை. தரைக்கு உதவும் தக்கை இதற்கு நேர்மாறானது. அது தண்டின் உள்ளே இருப்பதன்று, மரத்தின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் பட்டை. மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியைச் சுற்றியுள்ள போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, சார்டீனியா ஆகிய இடங்களில் வளரும் ஒருவகை ஓக் மரத்திலிருந்து அது உரிக்கப்படுகிறது. உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. அந்நாடு 2011ஆம் ஆண்டில் அம்மரத்தைத் தன் தேசிய மரமாக அறிவித்தது.

காட்டுத்தீ அடிக்கடி பரவும் வறண்ட நிலத்தில் உயிர்மரத்தைக் காக்க வளர்ந்த கவசமே இந்தப் பட்டை. வெளிப்பட்டையை உரித்தாலும் உள்ளே இருக்கும் உயிர்ப்படலம் காயப்படாதவரை மரம் மீண்டும் பட்டை வளர்த்துக்கொள்ளும். மரத்துக்கு ஏறத்தாழ 25 வயதாகும்போது முதல் உரிப்பு நடக்கிறது. அதன்பின் 9 ஆண்டுகள் கழியாமல் மீண்டும் உரிக்கப் போர்ச்சுகல் சட்டம் இடம் தருவதில்லை. கோடையில் கோடரியால் பட்டையைக் கீறி உரித்த பிறகு, அந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின்மேல் வண்ணத்தால் எழுதிவிடுவார்கள். முதல் இரண்டு உரிப்புகளிலும் கிடைப்பது கரடுமுரடானது என்பதால் அது புட்டி மூடிக்கு ஆவதில்லை. மூன்றாம் உரிப்பு வரை, அதாவது மரத்துக்கு 43 வயது ஆகும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கரடான பட்டையும், மூடிகளைக் குடைந்தெடுத்த பின் மிஞ்சும் சல்லடை போன்ற பட்டைத் துண்டுகளும் அரைக்கப்பட்டே தரைப் பலகைகள் உருவாகின்றன. தரைக்கென்று தனியாக ஒரு மரமும் உரிக்கப்படுவதில்லை என்றே சொல்லலாம்.

தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, தேனடை போன்ற அறைகளைக் கண்டு, அவற்றுக்கு இன்று உயிரணுவைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரை 1665இல் முதன்முதலாக வைத்தவர் ராபர்ட் ஹூக். ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். இன்றைய அளவீடுகள் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கோடி என்கின்றன. அன்றைய கருவியைக் கொண்டு அவர் போட்ட கணக்கு இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கில் வந்து நிற்கிறது. ஒவ்வோர் அறையும் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறையப் பாதி அகலம் கொண்டது. உயிர்ச்சாறு வற்றி, காற்று மட்டும் நிரம்பி, எல்லாப் பக்கமும் மூடியிருப்பது. நுரைப்பஞ்சுக்கும் தக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பஞ்சில் ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு வழி உண்டு, தக்கையில் இல்லை. மேலும், அறைச் சுவர்களின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சூபெரின் என்னும் கொழுப்புத் தன்மையுள்ள பொருளாக இருப்பதால் தண்ணீர் அவற்றில் எளிதில் ஊறுவதில்லை.

ஆனால் பட்டைக்குள் வேறொரு வழியும் இருக்கிறது. உள்ளே இருக்கும் உயிர்த் திசு மூச்சுவிடுவதற்காக, பட்டையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி மெல்லிய துளைகள் ஓடுகின்றன. புட்டி மூடி செய்பவர்கள் இதை நன்கறிந்தவர்கள். அந்தத் துளைகள் மூடியின் நீளவாக்கில் அமையாமல் குறுக்காக அமையும்படி பட்டையைக் குடைகிறார்கள். நீளவாக்கில் அமைந்தால் மது கசிந்துவிடும். நீர் புகாத பொருளிலும் நீர் புகும் வழி எங்கே இருக்கிறது என்று பார்த்து வேலை செய்யும் இந்தப் பழக்கம் தரை போடுபவர்களுக்கும் தேவைப்படுவது.

அறைகளுக்குள் அடைபட்ட காற்றுதான் தக்கைத் தரை வெறுங்காலுக்கு இதமாக இருப்பதன் காரணம். குளிர்காலக் காலையில் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும் சமையலறையில் பீங்கான் ஓடும் தக்கைப் பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. காலுக்கு மட்டும் ஓடு சில்லென்று இருக்கிறது. கால் உணர்வது தரையின் வெப்பநிலையை அன்று. காலும் தரையும் தொடும் இடத்தில் உருவாகும் இடைப்பட்ட வெப்பநிலையை. அது எந்தப் பக்கம் சாயும் என்பதை, பொருள் எவ்வளவு வேகமாக வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கடத்துகிறது என்பது தீர்மானிக்கிறது. 33 பாகையில் இருக்கும் உள்ளங்கால் ஓட்டைத் தொட்டால் தொடும் இடம் ஏறத்தாழ 23 பாகைக்கு இறங்கிவிடும். தக்கைப் பலகையைத் தொட்டால் 30 பாகைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். இது தோராயக் கணக்குதான் என்றாலும் வேறுபாட்டின் அளவு விளங்கும். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீடுகளில் இதே காற்று வெப்பம் மேலேறுவதையும் தடுக்கிறது, மேற்பரப்பு 27 அல்லது 28 பாகையைத் தாண்டக் கூடாது என்று உற்பத்தியாளர்கள் எல்லை வகுப்பதும் வழக்கம்.

கைதவறி விழும் கண்ணாடிக் குவளைக்கும் இந்தக் காற்று உதவுகிறது. 90 சென்டிமீட்டர் உயரமுள்ள சமையல் மேடையிலிருந்து விழும் குவளை தரையை எட்டும்போது அதன் வேகம் நொடிக்கு 4.2 மீட்டர். அந்த வேகம் முழுவதும் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதைப் பொறுத்தே குவளை பிழைப்பதும் உடைவதும் இருக்கிறது. கல் தரை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அதை நிறுத்திவிடுகிறது என்றும், தக்கை ஒரு மில்லிமீட்டர் அமுங்கி நிறுத்துகிறது என்றும் வைத்துக்கொண்டால், குவளையின் மீது செயல்படும் சராசரி விசை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அமுங்கும்போது அறைச் சுவர்கள் முறிவதில்லை; மடிகின்றன. அவற்றில் பலவற்றில் இயற்கையாகவே துருத்தியின் மடிப்புப் போன்ற நெளிவுகள் இருப்பதால், பாரம் விலகியதும் மீண்டும் விரிகின்றன. குவளை எப்போதும் உடையாது என்று இதற்குப் பொருளில்லை. விளிம்பு குத்தாக விழுந்தால் தக்கையும் காப்பாற்றாது.

இனி இடைவெளிகளுக்கு வருவோம். ஆலையில் குருணைகளைப் பருமன்வாரியாகச் சலித்து, பாலியூரிதேன் போன்ற பசையுடன் கலந்து, அச்சில் இட்டுச் சூடும் அழுத்தமும் கொடுத்துக் கட்டியாக்கி, பிறகு மெல்லிய பலகைகளாகச் சீவுகிறார்கள். ஒரு கன மீட்டர் இயற்கைத் தக்கை 200 கிலோ அளவுக்குத்தான் எடை கொண்டிருக்கும். தரைப் பலகையோ பொதுவாக 450 கிலோவைத் தாண்டும். அழுத்தம் குறைந்தால் குருணைகளுக்கு நடுவே பொந்துகள் மிஞ்சும். எனவே எடை மிகுந்த பலகையே சமையலறைக்கு ஏற்றது. மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் வாங்கி, விளிம்பை நகத்தால் கிள்ளிப் பார்ப்பது எளிய சோதனை. குருணை உதிர்ந்தால் அந்தப் பலகையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடையில் இருவகைத் தக்கைத் தரைகள் கிடைக்கும். ஒன்று, 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தக்கை ஓடு; அடித்தளத்தில் பசை தடவி நேரடியாக ஒட்டப்படுவது. மற்றொன்று, 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள மிதக்கும் பலகை. மேலே தக்கை, நடுவே அழுத்திய மர நார்ப் பலகை, கீழே மீண்டும் தக்கை என மூன்று அடுக்காக அமைந்து, ஒன்றுடன் ஒன்று கொளுவி நிற்பது. இரண்டாவது வகையைப் போடுவது எளிது; ஒட்டும் வேலை இல்லை. ஆயினும் சமையலறைக்கு முதல் வகையே தகும் என்பது என் உறுதியான கருத்து. மிதக்கும் பலகையின் வலுக்குறைவு தக்கையில் இல்லை, அதன் நடுவிலுள்ள மர நாரில் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் இயந்திரத்தின் குழாய் கசிந்து மூட்டு வழியாகத் தண்ணீர் இறங்கினால் அந்த நார் ஊறி வீங்கும். உலர்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. மேலும், மிதக்கும் தரை பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்க வேண்டியது என்பதால் அதன்மேல் நிலையான அலமாரிகளை நிறுத்திப் பிணைக்கக் கூடாது. சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். அந்த இடமே தண்ணீர் இறங்கும் வாய்க்காலாகிவிடும்.

ஒட்டும் ஓட்டிலும் மூட்டுகள் உண்டு. ஆனால் அவற்றை ஒட்டிய பிறகு மேற்பூச்சால் மூடிவிட முடியும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆலையிலேயே மெருகு பூசி வரும் ஓடுகளை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று விடுகிறார்கள். ஓட்டின் முகம் மூடியிருந்தாலும் நான்கு விளிம்புகளும் திறந்தே கிடக்கும். தரை முழுவதும் பதித்தபின் நீர்சார்ந்த பாலியூரிதேன் பூச்சை இரண்டு மூன்று முறை மூட்டுகளுக்கு மேலும் படரும்படி பூசினால்தான் தனித்தனி ஓடுகள் ஒரே பரப்பாக மாறும். மெழுகெண்ணெய்ப் பூச்சு பார்வைக்கு இயல்பாகவும், தேய்ந்த இடத்தில் மட்டும் மீண்டும் பூசத்தக்கதாகவும் இருக்கும். ஆனால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களில் கட்டிய ஃபாலிங்வாட்டர் இல்லத்தில் குளியலறைகளின் தரையும் சுவரும் தக்கையால் ஆனவை. ஈரம் பட்டாலே தக்கை கெட்டுவிடும் என்பவர்களுக்கு அது போதுமான மறுமொழி.

தண்ணீர் கீழிருந்தும் வரும். புதிதாக இட்ட கான்கிரீட் தளம் மேலே உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். முதல் 50 மில்லிமீட்டர் தடிமனுக்கு, மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது பிரிட்டனில் தரை போடுபவர்கள் சொல்லும் கணக்கு. தளத்தின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே ஒட்டலாம் என்பதும் அங்குள்ள நடைமுறை. ஓடுகளைப் பெட்டியிலிருந்து பிரித்து, அதே அறையில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, அறையின் ஈரப்பதத்துக்குப் பழகிய பிறகு ஒட்டுவதும் இதே காரணத்தால்தான்.

பாரத்தைப் பொறுத்தவரை, தக்கைக்குப் பகை எடை அன்று, எடை குவியும் புள்ளி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரு கால்களையும் ஊன்றி நிற்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவுக்குத்தான் அழுத்தம் விழும். 100 கிலோ எடையுள்ள குளிர்பதனப் பெட்டி, ஒவ்வொன்றும் 2 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள நான்கு கால்களில் நிற்கும்போது அதே பரப்பில் பன்னிரண்டரை கிலோ விழுகிறது. மனிதரின் காலைவிட ஐம்பது மடங்கு. பல மாதம் அந்த அழுத்தத்தில் மடிந்து கிடந்த அறைகள் முழுமையாக நிமிர்வதில்லை. அடியில் அகலமான தட்டு வைப்பது இதற்குப் போதும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி ஒட்டு போதும். ரப்பர் அடியுள்ள மிதியடியை மட்டும் தவிர்க்க வேண்டும். அது ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு பூச்சில் கறையும் படியச் செய்யும்.

ஐரோப்பியத் தயாரிப்புகளில் பயன்பாட்டு வகுப்பு எண் அச்சிட்டிருக்கும். 2இல் தொடங்குவது வீட்டுக்கு, 3இல் தொடங்குவது வணிக இடத்துக்கு. இரண்டாவது இலக்கம் உயர உயர மிதிபடும் அளவும் உயர்கிறது. சமையலறைக்கு 23க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். அழகுக்காக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தக்கைத் தோல் ஒட்டிய ஓடுகளும் உண்டு. அவற்றைப் பின்னாளில் தேய்த்துப் புதுப்பிக்க இயலாது. முழுத் தடிமனும் ஒரே கலவையாக உள்ள ஓடுகளை அப்படிப் புதுப்பிக்க இயலும்.

வாளித் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் தள்ளிக் கழுவும் நம் ஊர்ச் சமையலறைக்கு இந்தத் தரை பொருந்தாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். பிழிந்த துணியால் துடைக்கும் பழக்கமுள்ள குளிர்நாட்டு வீடுகளுக்கே அது உரியது. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் மஞ்சள்தூள் சிந்தினால் உடனே துடைத்துவிடுவது நல்லது. பூச்சு தேய்ந்த இடத்தில் அது குருணைக்குள் இறங்கினால் எளிதில் போகாது.

பூச்சு தேய்ந்ததா என்பதைக் கண்ணால் அறிவது கடினம். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே அதிகம் மிதிபடும் இடத்தில், ஒரு மூட்டின் மேல், சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். சொட்டுகள் முத்துப்போல் நின்றால் பூச்சு இருக்கிறது. மூட்டின் ஓரம் கறுத்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று பொருள். அந்த வாரமே மெல்லத் தேய்த்து, தூசி நீக்கி, அடுத்த பூச்சைப் பூசிவிட வேண்டும்.