மனைவி போனுக்கு வந்த அப்டேட் எனக்கு ஏன் வரவில்லை?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கும் என் மனைவிக்கும் ஒரே மாடல் போன். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினோம். பணம் அனுப்பும் ஆப்பில் அவளுக்குப் புது மெனு வந்து ஒரு வாரமாகிறது, எனக்கு இன்னும் வரவில்லை. கோளாறு என் போனிலா, ஜாதகத்திலா?"

இரண்டிலும் இல்லை. அந்த ஆப்பைச் செய்தவர்கள் உங்களுக்கு ஒரு எண்ணும் உங்கள் மனைவிக்கு ஒரு எண்ணும் போட்டிருக்கிறார்கள். அவருடைய எண் முதலில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சாப்ட்வேரை சிடியில் விற்ற காலத்தில் ரிலீஸ் என்றால் ஒரு தேதி. அன்றைக்கு எல்லோருக்கும் கிடைக்கும். பிழை இருந்தால் அதுவும் எல்லோருக்கும் கிடைக்கும். இப்போது தவணை முறை. ஆப்பிள் நிறுவனத்தின் படிப்படியான வெளியீட்டில் தானாக அப்டேட் ஆகும் போன்களுக்கு 7 நாள் கணக்கு: முதல் நாள் 1%, அப்புறம் 2, 5, 10, 20, 50, ஏழாம் நாள் 100. ஆண்ட்ராய்டில் எத்தனை சதவீதம் என்பதை ஆப்பைச் செய்தவரே வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வழியும் உண்டு. புது வசதியின் நிரல் எல்லா போனிலும் ஏற்கெனவே இறங்கித் தூங்கிக்கொண்டிருக்கும். சர்வர் "எழுந்திரு" என்று சொல்பவர்களுக்கு மட்டும் கண்ணில் படும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

யாருக்குச் சொல்வது? உங்கள் கணக்கு எண்ணோடு அந்த வசதியின் பெயரையும் ஒட்டி, ஹேஷ் என்ற கணக்கில் போட்டு அரைப்பார்கள். ஒரு நீளமான எண் விழும். அதை 100-ஆல் வகுத்தால் வரும் மீதி 0 முதல் 99-க்குள் இருக்கும். 1% என்றால் மீதி 0 வந்தவர்களுக்கு மட்டும், 10% என்றால் 0 முதல் 9 வரை. ஆப்பை எத்தனை தடவை திறந்தாலும் உங்கள் எண் மாறாது. அதனால் காலையில் வந்த மெனு மாலையில் காணாமல் போகாது. வசதியின் பெயரை ஏன் ஒட்டுகிறார்கள் என்றால், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே அப்பாவிகளே முதல் பலியாவார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, இது அதேதான். ஆனால் அந்தப் பழமொழியில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: பானையைத் துழாவியிருக்க வேண்டும். துழாவாத பானையில் மேல் சோறு வேகாமலும் அடிச்சோறு குழைந்தும் கிடக்கும். இங்கே துழாவும் கரண்டி, ஹேஷ்.

தொழிலில் இந்த முதல் கூட்டத்துக்குக் கனரி என்று பெயர். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் கூண்டில் கொண்டுபோன சின்னப் பறவையின் பெயர் அது. கார்பன் மோனாக்சைடு மனிதனைத் தாக்கும் முன்பே பறவையைச் சாய்த்துவிடும். 1986 வரை அந்த வழக்கம் இருந்தது.

சரி, 1% பேருக்குக் கொடுத்தாயிற்று. போன்களிலிருந்து தகவல் நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டிருக்கிறது: எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை முறை ஆப் செத்து விழுந்தது (இதைத்தான் கிராஷ் என்பார்கள்), பட்டனைத் தட்டியபின் எத்தனை நொடி ஆனது. இதை எதோடு ஒப்பிடுவது? நேற்றோடு ஒப்பிடக்கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அன்றைக்கு யாராவது புது வெர்ஷனை விட்டிருந்தால், முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பார்த்து "நம்ம ஆப் போச்சு" என்று தலையில் கைவைத்திருப்பார்கள். உண்மையில் பழைய வெர்ஷனும் அதே மழையில் அதே மாதிரி நனைந்துகொண்டிருக்கும். அதனால் அதே நேரத்தில், அதே ஊர்களில், பழையதை வைத்திருக்கும் இன்னொரு 1% பேரோடுதான் ஒப்பிட வேண்டும். புயல் இரண்டு பக்கமும் சமமாக அடித்துக் கழிந்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம்.

புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய சந்தில், ஒரு மாடியில், கடைகளுக்கு பில் போடும் ஆப் செய்யும் சின்ன கம்பெனி ஒன்று. அங்கே வேலை செய்யும் என் நண்பர் ரிலீஸ் நாளன்று காபியைக்கூடத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் குடிப்பார். ஆரம்பத்தில் அவருக்கு இருந்த வியாதி, அடிக்கடி எட்டிப் பார்ப்பது. எட்டிப் பார்ப்பதில் என்ன தப்பு? கணக்குப்படி பெரிய தப்பு. பழையதும் புதியதும் அச்சு அசல் ஒன்றாகவே இருந்தாலும், 5% பிழைக்கு இடம் கொடுக்கும் வழக்கமான சோதனையை ஒரே தடவை செய்தால் 100-க்கு 5 தடவை "வித்தியாசம் இருக்கிறது" என்று பொய் சொல்லும். அதையே தகவல் சேரச் சேர 5 தடவை எட்டிப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தவுடன் நிறுத்தினால், பொய் சொல்லும் வாய்ப்பு 14% ஆகிவிடும். 10 தடவை பார்த்தால் 19%. விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர் என்றைக்காவது ஒருநாள் பேயைப் பார்த்துவிடுவார்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாரக் கடைசிவரை காத்திருக்கவும் முடியாது. கடைக்காரர் வரிசையில் ஆளை நிறுத்திக்கொண்டு பில் வராமல் தவிப்பார்.

இந்தச் சிக்கல் 1943-லேயே வேறு வேடத்தில் வந்தது. அமெரிக்கக் கடற்படையில் வெடிகுண்டுச் சோதனைகளில் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அனுபவமுள்ள அதிகாரி பாதியிலேயே "இது தேறாது" என்று சொல்லிவிடுவார், விதிப்படி மீதியையும் சுட்டுத் தீர்க்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் குழுவுக்கு இந்தப் புகார் வந்தது. ஆலன் வாலிஸும் மில்டன் ஃப்ரீட்மனும் அதை ஆபிரகாம் வால்ட் என்பவரிடம் கொண்டுபோனார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், ஆனால் ஏமாறக்கூடாது. இப்படி ஒரு சோதனை முடியுமா? வால்ட் சில நாட்களிலேயே வழி கண்டுவிட்டார்.

அதை நண்பரின் ஆப்பில் வைத்துச் சொல்கிறேன். 1000 முறை திறந்தால் 1 கிராஷ் என்பது பொறுத்துக்கொள்ளக்கூடியது, 2 என்றால் பொறுக்க முடியாது என்று வையுங்கள். ஒவ்வொரு முறை ஆப் திறக்கும்போதும் ஒரே கேள்வி: இப்போது நடந்தது நல்ல வெர்ஷனில் நடக்க வாய்ப்பு அதிகமா, மோசமானதிலா? கிராஷ் ஆனால் மோசமானதில் வாய்ப்பு இரண்டு மடங்கு. ஒழுங்காக ஓடினால் நல்லதில் வாய்ப்பு ஒரு துளி அதிகம், 0.998-க்கு 0.999. இந்த விகிதங்களைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். பெருக்கலைக் கூட்டலாக்கத்தான் பள்ளிக்கூடத்தில் மடக்கை படித்தோமே, அதைப் போட்டுச் சுருக்கினால் அழகான மார்க் கணக்கு ஒன்று கிடைக்கிறது. ஒழுங்காக ஓடிய ஒவ்வொரு முறைக்கும் 1 மார்க் கழிக்கவும். ஒரு கிராஷுக்கு 692 மார்க் கூட்டவும். ஒரு கிராஷின் கறையைத் துடைக்க 692 முறை ஒழுங்காக ஓட வேண்டும்!

திரையில் இரண்டு கோடுகள். இரு பக்கமும் ஏமாறும் வாய்ப்பு 5% அளவில் நிற்க வேண்டும் என்றால், மேல்கோடு ஏறத்தாழ 2940-இல், கீழ்க்கோடு கழித்தல் 2940-இல். மார்க் மேல்கோட்டைத் தொட்டால் ரிலீஸை நிறுத்து. கீழ்க்கோட்டைத் தொட்டால் அடுத்த தவணைக்குப் போ. நடுவில் உலாத்திக்கொண்டிருந்தால் பேசாமல் காபி குடி. முதல் 500 திறப்புகளுக்குள் 5 கிராஷ் விழுந்தால் மேல்கோடு உடைந்துவிடும், 4 போதாது. ஒரு கிராஷும் இல்லாமல் 2940 முறை ஓடினால் பாஸ். நல்ல வெர்ஷனுக்குச் சராசரியாக 9,000 திறப்புகள் அளவில் தீர்ப்பு கிடைத்துவிடும். முன்கூட்டியே எண்ணிக்கையை நிர்ணயித்துச் சோதித்தால் அதே உறுதிக்கு 16,000 அளவுக்கு வேண்டும். ஏறத்தாழ பாதி மிச்சம். போர் முடியும்வரை இதை அவர்கள் ராணுவ ரகசியமாக வைத்திருந்ததில் ஆச்சரியமில்லை.

வால்டுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. இந்திய அரசின் அழைப்பில் விரிவுரை நிகழ்த்த வந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் விமானம் மோதி, மனைவியோடு இறந்துபோனார். வயது 48. இன்றைக்கு எந்தப் பொறியியல் கல்லூரி வாசலிலும் 'டேட்டா சயின்ஸ்' பலகை தொங்குகிறது. நிகழ்தகவை நிதானமாகச் சொல்லித்தர ஆள் போடத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. கடற்படைக்காரரின் புகாரைக் கொண்டுபோய்க் கொடுக்க அங்கே ஒரு வால்ட் உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைப்பதுதான் ஆராய்ச்சி நிதி என்பது என் கட்சி.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒவ்வொரு திறப்பும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் வால்டின் கணக்கு செல்லும். கடுப்பான ஒரு கடைக்காரர் ஒரே போனில் ஆறு தடவை திறந்து ஆறு தடவையும் கிராஷ் ஆனால், அது ஆறு சாட்சி ஆகாது, ஒரே சாட்சி ஆறு தடவை கத்துவது. அதனால் போன் கணக்கில் எண்ணுவார்கள்.

இத்தனையும் செய்தும் நண்பரின் கம்பெனி ஒருமுறை மாட்டியது. பில்லில் தமிழ் எழுத்து இன்னும் தெளிவாக வர ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். கிராஷ் கணக்கு சுத்தம், மார்க் ஒழுங்காகக் கீழ்க்கோட்டைத் தொட்டது. 10% ஆக்கிய மறுநாள் பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரிக் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, பில்லுல ரூபாய் மட்டும் வரல, மத்ததெல்லாம் ரொம்ப அழகா வருது!" பழைய இரண்டு அங்குல பிரிண்டர். வரி நீண்டு, தொகை காகிதத்துக்கு வெளியே போய்விட்டது. ஆப்பைப் பொறுத்தவரை எல்லாம் வெற்றி, எந்த அளவுகோலிலும் சிவப்பு இல்லை.

1%-இல் ஏன் சிக்கவில்லை? 3000 கடைகளில் 200-க்கு ஒன்றில் அந்த பிரிண்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1% என்றால் 30 கடை. அந்த முப்பதில் ஒன்றில்கூட அது இல்லாமல் போக வாய்ப்பு 86%. எவ்வளவு துழாவினாலும் முப்பது பருக்கையில் கல் சிக்காது. அப்புறம் லாகை, அதாவது ஆப்பில் நடப்பதெல்லாம் பதிவாகும் குறிப்பேட்டை, தோண்டியபோது நண்பருக்கு ஒன்று கிடைத்தது. அந்த பிரிண்டர் இருந்த கடைகளில் எல்லாம் 'மறுபடி அச்சிடு' பட்டனை வழக்கத்தைவிடப் பல மடங்கு தட்டியிருந்தார்கள். மனிதர்கள் ஆப்பிடம் புகார் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், பட்டன் வழியாக. இப்போது அந்தப் பட்டனுக்கும் தனியாக ஒரு கோடு திரையில் ஓடுகிறது, பிரிண்டர் மாடல் வாரியாக.

தவணையே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு சாப்ட்வேரின் ஒரு தகவல் கோப்பு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் போனது. 20 உள்ளீடுகள் வந்த இடத்தில் 21-ஆவதைத் தேடிப்போய் விண்டோஸை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்திருந்தன. நம்மூர் விமான நிலையங்களில் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக்கொடுத்தார்கள். நிரல் மாற்றங்களுக்குத் தவணை வைத்திருந்தவர்கள், 'வெறும் தகவல் கோப்புதானே' என்று இதற்கு வைக்கவில்லை.

இவ்வளவு கணக்கு இருக்கும்போதும் நண்பரின் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை யாரும் ரிலீஸ் பட்டனைத் தொடுவதில்லை. ராகு காலம். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் அங்கே ராகு எந்த நேரத்துக்கு வருவார் என்று ஒருமுறை கேட்டேன், முறைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலையிலும் தொடுவதில்லை. அதில் எனக்கும் உடன்பாடுதான். சனி, ஞாயிறு கடைகளில் கூட்டம் அள்ளும், அலுவலகத்தில் போன் எடுக்க ஆள் இருக்காது.

முதுநகர் வாசகருக்கு: உங்கள் எண் எழுபதோ எண்பதோவாக இருக்கலாம். சில நாளில் மெனு வந்துவிடும். இரண்டு வாரமாகியும் வரவில்லை என்றால் எங்கோ ஒரு கோடு மேல்பக்கம் உடைந்து, தவணையை நிறுத்தியிருக்கலாம். அந்த மெனுவில் என்ன தகராறு என்று வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.